ஆனா வசீகரமான மனுஷன்

இல்லம்மா, துப்பக் கூடாது. துப்பினா உள்ள கட்டியிருக்கற ரத்தம் பிச்சுக்கிட்டு மறுபடி ஒழுக ஆரம்பிச்சுடும். எச்சில் ஊறினா முழுங்கிடுங்க. பஞ்ச நல்லா கடிச்சுக்கோங்க. ஆங், அப்படித்தான். பேசவும் கூடாது. அரை மணி நேரம் வாயத் திறக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டுத்தான போனாரு? ஆமான்னா தலைய ஆட்டுங்க, இல்லன்னா கைய ஆட்டுங்க. எனக்குப் புரியும். வாயில எதையாவது வச்சுக்கிட்டு உக்காந்திருக்கறவங்ககிட்ட பேசிப் பேசியே எனக்குப் பழகிப்போச்சு. எங்க வீட்டுல சொல்லுவாங்க, பதில் பேசாத ஆளுங்ககூட மட்டும்தான் உனக்கு ஒத்துப்போகும்னு.

யாரு, உங்க வீட்டுக்காரரா? பின்னாடி ரூம்ல இருக்காரு. பல்லு கலர் பாக்கணும்னு என்கூட வந்தாருல்ல, அங்கதான். இல்ல, இப்போதைக்கு வர மாட்டாரு. நீங்க எந்திரிக்காதீங்க, ஊசி போட்டிருக்கு, தல சுத்தும். சாஞ்சுக்கோங்க.

நான் டாக்டரும் இல்ல, நர்சும் இல்ல. பல்லு செய்யறவ. டாக்டர் புடுங்குவாரு, அளவு எடுத்துக் குடுப்பாரு. நான் அந்த ரூம்ல உக்காந்து அச்சு ஊத்தற மாவு கரைச்சு, மெழுகு வச்சு, ராவி, பல்லு செஞ்சு குடுப்பேன். முக்காவாசிப் பேர் மூஞ்சிய நான் பாக்கறதில்ல. எனக்கு வாயோட அச்சு மட்டும்தான் வரும். இன்னிக்கு டாக்டர் உங்களுக்கு உடைஞ்ச வேரப் புடுங்கிட்டு அடுத்த கிளினிக்குக்கு ஓடிட்டாரு. முன்னாடி உக்காந்திருக்கற பொண்ணு சாப்பிடப் போயிட்டா. அதான் நான் வந்து உங்க பக்கத்துல உக்காந்தேன். தனியா விட்டுட்டுப் போக மனசு வரல.

பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததா டாக்டர்கிட்ட சொன்னீங்க. சரி. நான் ஒண்ணும் கேக்கல. எதுக்கு அப்படி முழிக்கறீங்க, ஒண்ணும் கேக்கலன்னுதான சொல்றேன்.

அந்த முன்னாடி உக்காந்திருக்கற பொண்ணு இருக்காளே, சாப்பாட்டு டப்பாவக் கையில எடுத்துக்கிட்டு என் ரூம் வாசல்ல வந்து நின்னா. அக்கா, அந்தச் சாரப் பாத்தீங்களா, என்ன ஒரு வசீகரம்க்கா, அப்படின்னா. சொல்லும்போதே அவளுக்கு வாயெல்லாம் பல்லு. உங்க வீட்டுக்காரரப் பத்திதான். உள்ள வந்து உக்காரக்கூட இல்ல, இவ கம்மலப் பாத்து, இது உங்க அம்மாவோடதா, பழைய வேலைப்பாடு மாதிரி இருக்கேன்னு கேட்டிருக்காரு. இவளுக்கு அம்மா இல்ல. கண்ணு கலங்கிடுச்சாம். அப்புறம் டாக்டரப் பாத்து, நீங்க இன்னும் சாப்பிடலயா, மொகம் வாடியிருக்கேன்னாரு. அந்த மனுஷன அப்படி ஒருத்தரும் கேட்டதில்ல, பெத்த புள்ளைங்களே கேக்காது. உருகிட்டாரு. அங்க ஒரு குழந்தை வீல் வீல்னு அழுதுக்கிட்டிருந்துச்சுல்ல, யார் வீட்டுக் குழந்தையோ, அதத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டாரு. அதுவும் கப்புனு அழுகைய நிறுத்திடுச்சு. நான் கதவு இடுக்கு வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

எனக்கும் அந்த வார்த்தைக்கும் பழைய பகைம்மா. வசீகரம். அதக் கேட்டாலே எனக்குக் கோவம் தலைக்கு ஏறிடும். ஏன்னு சொல்றேன் கேளுங்க. பஞ்சக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதத் தவிர உங்களுக்கு வேற என்ன வேல இப்ப.

எனக்கு ஒரு அக்கா இருந்தா. அவளுக்குக் கல்யாணம் பேசினப்பதான் அந்த வார்த்தை எங்க வீட்டுக்குள்ள முதல் முதல்ல வந்துச்சு. அதுவரைக்கும் நல்லவன், கெட்டவன், சோம்பேறி, கஞ்சப்பயல், இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். எங்க பெரியம்மாதான் சொன்னாங்க, பையன் மொகத்துல என்ன ஒரு வசீகரம் பாருடின்னு. எங்கம்மா அதக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாங்க. குடிப்பானா, கோவக்காரனா, அவனப் பெத்தவ ஏன் அவனோட பேசறதில்ல, ஒண்ணும் விசாரிக்கல. பக்கத்து வீட்டுல கேட்டா வசீகரமான பையன். சொந்தக்காரங்க கேட்டா வசீகரமான பையன். என்னையே எடுத்துக்கோங்க, மாமா மாமான்னு அவன் பின்னாடியே சுத்தினேன். பொய் சொல்லுவானேன்.

அவனுக்குத் துணிக்கடையில வேல. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்னு துணி எடுத்துப் போடறது. அவன் கைக்குன்னு ஒரு கூட்டம் வரும். துணியத் தன் முழங்கை மேலயே சரிய விட்டு, தலையச் சாய்ச்சு, ஒரு பார்வை பாப்பான். வாங்கிக்கோங்கன்னு சொல்லவே மாட்டான். இது வேணாம்மா, உங்க நெறத்துக்கு எடுக்காது, நான் உங்களுக்குன்னு உள்ள ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்னு சொல்லுவான். போன தடவ வந்தப்ப உங்க பொண்ணுக்குக் காய்ச்சல்னு சொன்னீங்களே, தேவலையான்னு கேப்பான். அவ்வளவு பேர் காய்ச்சலையும் ஞாபகம் வச்சிருப்பான். அந்த அம்மாங்க முழுக் கடையவும் வாங்கிக்கிட்டுப் போவாங்க.

வீட்டுல துணி அளக்கற இரும்புக் கோல் ஒண்ணு வச்சிருந்தான். கடையில பழசாப் போச்சுன்னு எடுத்துட்டு வந்தது. அதாலதான் அடிப்பான். துணிக்காரன்ல, ஒரு துணி எது வரைக்கும் மறைக்கும்னு அவனுக்குத் தெரியும். கழுத்துக்குக் கீழ, முழங்கைக்கு மேல, முட்டிக்கு மேல. அந்த எல்லையத் தாண்ட மாட்டான். அடிச்சு முடிச்சதும் அவனே எண்ணெய் சூடு பண்ணித் தடவி விடுவான். அடிச்ச கையாலேயே சோறு ஊட்டுவான். எங்க அக்கா சொல்லுவா, ஊட்டும்போது அவர் கண்ணப் பாக்கணுமேடின்னு.

ம்? ஆமா, தடவி விடுவான். ஏன், உங்களுக்கும் தடவி விடுவாரா? சரி சரி, கைய ஆட்ட வேணாம். தலையையும் ஆட்ட வேணாம். நான்தான் கேக்கலன்னு சொன்னேனே.

ஒரு நாள் அக்கா குளிச்சுட்டு துணி மாத்தும்போது நான் உள்ள போயிட்டேன். முதுகுல எடமே இல்ல. பழசு மேல புதுசு, புதுசு மேல அதவிடப் புதுசு. நீலம், பச்ச, மஞ்சள்னு. நான் நேரா எங்கம்மாகிட்ட போய்ச் சொன்னேன். எங்கம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? கோவம் கொஞ்சம் ஜாஸ்திதான், ஆனா வசீகரமான மனுஷன்டின்னாங்க. பெரியம்மாகிட்ட போனேன். புருஷன் பொண்டாட்டின்னா முன்ன பின்னதான் இருக்கும், ஆனா என்ன ஒரு வசீகரமான புள்ளைன்னாங்க. அப்பதான் நான் ஒண்ணக் கவனிச்சேன். அந்த வார்த்தை தனியா வராதும்மா. முன்னாடி எப்பவும் ஒரு ஆனா இருக்கும். கொஞ்சம் கை நீட்டுவாரு, ஆனா. பொய் சொல்லுவாரு, ஆனா. அந்த ஆனாவுக்கு முன்னாடி இருக்கற அத்தனையும் அந்த வார்த்தை வந்ததும் கழுவி விட்ட மாதிரி போயிடும். நீங்களே யோசிச்சுப் பாருங்க, நல்ல மனுஷனப் பத்திப் பேசும்போது யாராவது ஆனான்னு ஆரம்பிக்கறாங்களா?

இன்னொண்ணும் பாருங்க. இதே குணம் ஒரு பொம்பளைக்கு இருந்தா என்ன சொல்லுவாங்க? அக்கா இருந்த தெருவுல ஒருத்தி இருந்தா, பூச்செடி விக்கறவ. நல்லா சிரிச்சுப் பேசுவா, பேர் ஞாபகம் வச்சிருப்பா, யாரா இருந்தாலும் அவகிட்ட ரெண்டு நிமிஷம் நின்னுட்டுத்தான் போவாங்க. அவளுக்கு வசீகரம்னு யாரும் சொல்லலயே. மயக்குறான்னாங்க. வசியம் வச்சிருக்கான்னாங்க. சினிமா போஸ்டர்ல இருக்கறவளுக்குன்னா கவர்ச்சின்னு போடுவாங்க, அதுக்கு அர்த்தம் துணி கம்மின்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆம்பளைக்கு வந்தா அது மொகத்துல இருக்கற களை, பொம்பளைக்கு வந்தா அவ பண்ற திருட்டு வேலை. என்ன, சிரிக்கறீங்களா? சிரிக்காதீங்க, தையல் இழுக்கும்.

ஒரு தடவ ஒரு தமிழ் வாத்தியார் முழு செட்டு போட வந்தாரு. மேலயும் கீழயும் ஒரு பல்லு கிடையாது. நான் அவர்கிட்ட கேட்டேன், சார் இந்த வார்த்தைக்கு உண்மையில என்னதான் அர்த்தம்னு. பொக்க வாய வச்சுக்கிட்டு அவர் விளக்கினாரு, பாதி காத்தாத்தான் வந்துச்சு. வசம்னா ஒருத்தரோட பிடி, கட்டுப்பாடும்மா. அடுத்தவங்கள அந்தப் பிடிக்குள்ள கொண்டாறதுதான் வசீகரம், அழகுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னாரு. அவருக்கு அது சும்மா ஒரு பாடம். எனக்கு அப்படி இல்ல. இத்தன பேரும் அவன அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்காங்க, கொஞ்சிக் கொஞ்சி.

அக்காவா? செத்துப் போயிட்டா.

பட்டப்பகல்ல. கடைக்கு லீவு அன்னிக்கு. சமையக்கட்டுல வழுக்கி, மேடைக் கல்லு மேல விழுந்துட்டான்னு சொன்னான். நான்தான் அவ ஒடம்பத் துடைச்சேன். பின்மண்டையில முடி கொத்தாப் பிஞ்சிருந்துச்சு, தோலோட. வழுக்கி விழறவளுக்கு முடி எங்கம்மா பிய்யும்? யாரோ ஒருத்தர் அஞ்சு விரலையும் முடிக்குள்ள விட்டு, மடக்கிப் புடிச்சு, அந்தக் கல்லுல மோதியிருக்கணும். ஒரு தடவ மோதினா அப்படி ஆகாது. நெத்தி எலும்பு கையில அழுத்தினா உள்ள போச்சு. முன்பல்லு ரெண்டு நாக்குக்கு அடியில கிடந்துச்சு. அந்தத் துணி எல்லைய அன்னிக்கு மட்டும் அவன் எப்படித் தாண்டினான்னு எனக்குத் தெரியல. இனிமே துணிய வச்சு மறைக்க வேண்டிய அவசியம் இல்லன்னு முடிவு பண்ணியிருப்பான்.

போலீஸ் வந்துச்சு. இன்ஸ்பெக்டர் அவனத் தனியாக் கூட்டிட்டுப் போய் விசாரிச்சாரு. நான் வாசல்லயே நின்னேன், இப்ப கைய முறுக்கிக் கூட்டிட்டு வருவாங்கன்னு. கதவத் திறந்துக்கிட்டு இன்ஸ்பெக்டர் வந்தாரு, அவன் தோள்ல கை போட்டுக்கிட்டு. என்னமோ இவர் வீட்டுச் சாவு மாதிரி மொகம். எங்கப்பாகிட்ட சொன்னாரு, பாவம், பேசும்போதே தெரியுது, வசீகரமான மனுஷன், இப்படி ஆயிடுச்சேன்னு. நான் முடிய எடுத்துக் காட்டினேன். அந்தக் கொத்து முடிய. அதப் பாத்தாரா, இல்ல என்னப் பாத்தாரா தெரியல, இந்தப் பொண்ண உள்ள கூட்டிட்டுப் போங்கன்னுட்டாரு.

சாவு வீட்டுல அவன் அழுதான் பாருங்க. அப்படி ஒரு அழுகை. எங்க தெருப் பொம்பளைங்க அவனச் சுத்தி உக்காந்து, ஒருத்தி தண்ணி குடுக்கறா, ஒருத்தி விசிறி விடறா, ஒருத்தி ஒரு வாய் சாப்பிடுங்கன்னு கெஞ்சறா. அங்க அக்கா தனியாக் கிடக்கா. அவ பக்கத்துல நானும் ஈயும்தான். அவன் ஒரு பொம்பளையப் பாத்து, அந்த அழுகைக்கு நடுவுல, உங்க பொண்ணு பரீட்சை எழுதினாளேம்மா, என்னாச்சுன்னு கேட்டான்.

நான் ஒரு இரும்பு நாற்காலியத் தூக்கி அவன் மேல போட்டேன். மடக்கு நாற்காலி. முதுகுல பட்டுச்சு. ரெண்டாவது தடவ தூக்கறதுக்குள்ள என்னப் புடிச்சுட்டாங்க. எங்க சித்தப்பா என்ன அறைஞ்சாரு. பெரியம்மா என் வாயப் பொத்தினாங்க, அவங்க விரலக் கடிச்சு வச்சேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? விடுங்க, அவள ஒண்ணும் பண்ணாதீங்க, சின்னப் பொண்ணு, அக்காவ இழந்த துக்கம்னு. கூட்டமே விம்மிடுச்சு. அன்னிலேருந்து எங்க குடும்பத்துல கை நீட்டறவன்னா அது நான்தான். அவன் இல்ல. என் கல்யாணப் பேச்சு ரெண்டு தடவ நின்னு போச்சு, பொண்ணுக்கு முரட்டுக் கோவமாமேன்னு. நான் ஒரு நாற்காலி தூக்கினதுக்கு.

இல்ல இல்ல, பயப்படாதீங்க. உங்க வீட்டுக்காரர் அவன் இல்ல. இவர் வேற ஆளு. அவன் எங்கயோ இன்னொரு கடையில, இன்னொரு பொண்டாட்டியோட நல்லாத்தான் இருக்கான். இவர நான் இன்னிக்குத்தான் முதல் தடவ பாக்கறேன்.

கண்ணத் தொடைச்சுக்கோங்க. இந்தாங்க, இது சுத்தமான துணிதான்.

இனிமே நீன்னே சொல்றேன், கோச்சுக்காத. எங்க அக்கா போனப்ப அவளுக்கு உன் வயசுதான் இருக்கும். நீ வந்தப்ப நான் இடுக்கு வழியாப் பாத்தேன்னு சொன்னேன்ல, அந்தப் பொண்ணும் டாக்டரும் உன் வீட்டுக்காரர் மொகத்தப் பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் அவர் கையப் பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு கை உன் கழுத்துக்குப் பின்னாடி இருந்துச்சு. என் செல்லம் ரொம்ப பயப்படுவா டாக்டர், மெதுவாப் பண்ணுங்கன்னு சொல்லும்போது அந்தக் கட்டை விரல் உன் காதுக்கு அடியில எலும்ப அழுத்திக்கிட்டிருந்துச்சு. உன் கால் விரல் மடங்குச்சு, செருப்புக்குள்ள. டாக்டர் எப்படி ஆச்சுன்னு கேட்டாரு, அவர் அழுத்தினாரு, நீ பாத்ரூம்னு சொன்ன. இன்னொரு கையில கைக்குட்டை கட்டியிருந்துச்சு. கார் கதவுல மாட்டிக்கிச்சாம். பொண்டாட்டி பாத்ரூம்ல விழுந்த அதே நாள்ல இவருக்குக் கார் கதவு. நல்ல பொருத்தம்.

அப்பவும் நான் ஒண்ணும் பண்ணலம்மா. பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். நமக்கென்ன வந்துச்சுன்னுதான் நெனச்சேன். இந்த வேலையில இருந்தா வாரத்துக்கு ஒருத்தி பாத்ரூம்ல விழுந்தேன்னு வருவா. செஞ்சு குடுத்துட்டுப் போயிட்டே இருக்கணும், கேள்வி கேட்டா மனுஷி இந்த வேலை பாக்க முடியாது.

அப்புறம் டாக்டர் கிளம்பினாரு, அந்தப் பொண்ணு சாப்பிடப் போனா, இவர் என் ரூமுக்கு வந்தாரு, கலர் பாக்கணும்னு. நான் பல்லு கலர் பட்டைய எடுத்து வச்சேன். வந்து என் மேசையப் பாத்தாரு. இவ்வளவு நுணுக்கமான வேலைய இந்த இருட்டு ரூம்ல உக்காந்து பண்றீங்களே, டாக்டர் பேர் வாங்கிட்டுப் போறாரு, உங்களை யாருக்குத் தெரியும்னாரு. சத்தியமாச் சொல்றேன், எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு நெறஞ்சு போச்சு. இத்தன வருஷத்துல யாரும் அப்படிக் கேட்டதில்ல. எல்லாம் தெரிஞ்சிருந்தும் எனக்கு உள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. அந்தப் பேச்சுக்கு அவ்வளவு பலம். உன்ன நான் எப்படிக் குத்தம் சொல்ல முடியும்?

நான் சொன்னேன், சார், சின்ன வயசு, பக்கத்துப் பல்லெல்லாம் உறுதியா இருக்கு, புண்ணு ஆறினதும் அசையாத மாதிரி நிரந்தரமாக் கட்டிடலாம், பொறந்த பல்லு மாதிரியே இருக்கும்னு. அவர் சிரிச்சாரு. ரொம்ப அழகாத்தான் சிரிச்சாரு. நிரந்தரமெல்லாம் வேணாங்க, கழட்டி மாட்டற மாதிரியே போட்டுடுங்க, இவளுக்கு இன்னும் எத்தன போகுமோ யாருக்குத் தெரியும், ஒவ்வொரு தடவையும் புதுசாக் கட்டிக்கிட்டா இருக்க முடியும்னாரு. ஏதோ செருப்புத் தேயறதப் பத்திச் சொல்ற மாதிரி. சொல்லிட்டு என்னப் பாத்துக் கண்ணடிச்சாரு.

என் கையில அப்ப பித்தளை டப்பா இருந்துச்சு. பல்லு செட்ட உள்ள வச்சு இறுக்கி, வெந்நீர்ல வேக வைக்கறது. செங்கல் கனம் இருக்கும். அதாலதான் அடிச்சேன். வாயிலதான். முதல் அடி விழுந்தப்ப அவருக்கு நம்பிக்கையே வரல, சிரிச்ச வாய் சிரிச்சபடியே இருந்துச்சு. என்னமோ சொல்ல வந்தாரு, சமாதானமா, கைய இப்படித் தூக்கி. அதக் கேட்டா நான் நிறுத்திடுவேனோன்னு எனக்குப் பயம் வந்துடுச்சு. அதனால நிறுத்தல. தாடை எலும்பு ரெண்டு பக்கமும் போயிருக்கு, அது நல்லாத் தெரியும், எனக்குச் சத்தம் கேட்டுச்சு. ராவற மெஷின் ஓடினதால இங்க உனக்குக் கேட்டிருக்காது. முன்பல்லுல ஒண்ணும் மிச்சமில்ல.

ஷ்ஷ். எந்திரிக்காத. உக்காரு. மூச்சு இருக்கு. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, ரத்தம் தொண்டைக்குள்ள போகாம தலைக்கு அடியில துணி வச்சுட்டுத்தான் உன்கிட்ட வந்தேன். ஆம்புலன்சுக்கு நான்தான் போன் பண்ணினேன். போலீசுக்கும் நான்தான் பண்ணினேன். வெளிய வண்டி நிக்கற சத்தம் கேக்குதுல்ல, அவங்கதான். கதவு திறந்துதான் இருக்கு, வரட்டும்.

என்னக் காப்பாத்துன்னு நான் கேக்கல. அடிச்சது அடிச்சதுதான், நானே சொல்லிடுவேன். ஆனா பாரு, சாப்பிடப் போனவ திரும்பி வந்ததும் அழுவா, அய்யோ அவ்வளவு நல்ல சார்னு. டாக்டர் ஓடி வருவாரு, என்னப் பாத்து சாப்பிட்டீங்களான்னு கேட்ட மனுஷனாச்சேன்னு. எங்க வீட்டு ஆளுங்க வருவாங்க, இவ சாவு வீட்டுலயே நாற்காலியத் தூக்கினவன்னு சொல்லுவாங்க. தாடை கூடினதும் அவரே பேசுவாரு. பெருந்தன்மையா என்ன மன்னிச்சாலும் மன்னிப்பாரு. எல்லாருக்கும் வாய் இருக்கு, எல்லா வாயும் ஒண்ணத்தான் சொல்லும். உன் வாய் என்ன சொல்லப்போகுதுன்னு மட்டும் எனக்குத் தெரியாது. அதச் சொல்லலன்னா, அவர் ஆறி எந்திரிச்சு வந்து, உன்னக் கையப் புடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாரு. நான் ஜெயில்ல இருப்பேன். அடுத்த தடவ உனக்குப் பல்லோட போகாது.

நீ என்ன வேணா சொல்லு. நான் திடீர்னு பாஞ்சுட்டேன்னு சொல்லு, அதுவும் உண்மைதான. ஆனா உன் பல்லு எப்படிப் போச்சுன்னு கேப்பாங்க. அப்ப உன் கழுத்துக்குப் பின்னாடி கை இருக்காது.

வாங்க சார், வாங்க. அவர் பின்னாடி ரூம்ல. அடிச்சது நான்தான், நான் எங்கயும் ஓடிப் போகல. ஒரு நிமிஷம் பொறுங்க, இந்தப் பொண்ணோட வேல ஒண்ணு பாக்கி.

எங்க, வாயத் திற. மெதுவா. இன்னும் கொஞ்சம். பஞ்சு வெளுப்பாத்தான் வருது. ரத்தம் நின்னுருச்சும்மா. இனிமே நீ பேசலாம்.